புரட்டாசியில் முடிந்த அடுப்பு

யோகன் பெர்த்துக்குக் குடிபோனபோது
கண்டெய்னரில் இடமில்லாமல் நின்றவை இரண்டு:
ஒரு நாய், ஒரு கிரில்.
நாயை எதிர்வீட்டுத் தண்டேகா கூட்டிப்போனாள்.
கிரில் எனக்கு வந்தது,
உருண்டையாய், கறுப்பாய், ஒரு கால் குட்டையாய்.
பத்திரமா வச்சிக்கோ அக்கா, வருவேன் என்றான்.
நாலு வருஷம்.
சாட்ஸ்வொர்த் மழைக்கு அதன்மேல்
மூன்று பிளாஸ்டிக் உறை கிழிந்துவிட்டது.

அவன் இருந்த சனிக்கிழமைகளில்
உள்ளே எரிந்தது எங்கள் நெருப்பு,
வெளியே எரிந்தது அவர்களுடையது.
இடுக்கி அவன் கையில்.
நாங்கள் கேரட் துருவிக்கொண்டே
வலைக்கதவு வழியாகக் கேட்போம்: ஆச்சா?
இன்னும் ஆகலை என்பான், திரும்பாமல்.
எல்லாம் ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் ரத்தம்.
யாரும் சொன்னதில்லை.

ஜேக்கப்ஸ் ஃபேக்டரியில்
முப்பத்தொரு வருஷம் சட்டைக் காலர் தைத்தவள் நான்.
வளைவை அவசரப்படுத்தினால் சுருங்கும்.
இறைச்சியும் அப்படித்தான் என்று
எத்தனை தரம் வாய்வரை வந்திருக்கும்.

ஆகவே முதலில் அட்டை.
செருப்புப் பெட்டியைக் கத்தரித்து அளவு எடுத்தேன்:
புகைபோக்கிக்கு ஒரு கழுத்துப்பட்டை,
காற்று நுழைய இடுப்புக்குக் கீழே மூன்று பொத்தான்துளை,
கரிக்கும் கறிக்கும் நடுவில்
உள்பாவாடை மாதிரி ஒரு தகடு,
சூடு நேரே பாயாமல் சுற்றிக்கொண்டு போக.

மூடியில் முதல் ஓட்டை போடும்போது
கை நடுங்கியது உண்மை.
டிரில் பாதி இறங்கியிருக்கையில் கரண்ட் போனது.
லோட்ஷெட்டிங், இரண்டரை மணி நேரம்.
அரை ஓட்டையோடு இருட்டில் உட்கார்ந்திருந்தோம்
நானும் அதுவும்,
இனி விற்கவும் முடியாது,
திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

சைலன்சர் கடை பெக்கானி
நான் எடுத்துவைத்த பளபளக்கும் குழாயைப் பார்த்துத் தலையாட்டினான்.
நாகம் பூசியது ஆண்ட்டி, சூடானால் விஷம்.
பூச்சில்லாத துண்டு ஒன்று புதிதாய் வெட்டித் தந்தான்.
காசு வேண்டாம், ஒரு ஆட்டுக்கழுத்து போதும்.

வெப்பமானியைக் கொதிநீரில் முக்கினேன்.
எண்பத்தெட்டு என்றது.
கடலோர ஊரில் தண்ணீர் நூறில்தானே கொதிக்கும்?
பன்னிரண்டு பொய்.
மூடியிலேயே சாக்பீஸால் எழுதினேன்: கூட்டிக்கொள்.

எல்லாம் முடித்து முதுகை நிமிர்த்திக்
காலண்டரைப் பார்த்தால்
புரட்டாசி இரண்டு.

ஃப்ரீசரில் மூன்று கழுத்து கல்லாய்க் கிடக்கிறது.
வேலிக்கு மேல் பெக்கானியின் தலை: இன்றைக்கா?
அடுத்த மாசம்.
சாமியா?
சாமி.
புரிந்துகொண்டான். எங்கள் பக்கத்துக் கசாப்புக்கடைக்காரரே
இந்த மாசம்தான் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்.

அதற்காக நெருப்பு சும்மா இருக்குமா?
காய்ந்த கொய்யாக்கட்டை இரண்டு.
தட்டில் கல்லுப்பு, பக்கத்தில் நாலு கத்தரிக்காய்.
முதலில் வெள்ளைப் புகை, அது கசக்கும், விட்டுப்பிடி.
பிறகு மெலிந்து நீலமாகி
இருக்கிறேனா இல்லையா என்று கண்ணையே கேட்கும் புகை.
மூடியின் இடது ஓரம் மட்டும் கசிந்தது.
தையல் விட்ட இடம்.
தொட்டுப் பார்த்தேன், சுட்டது.
நாலு மணி நேரம்
இடுக்கிக்கு வேலையே இல்லை.

யோகனுக்குப் படம் அனுப்பினேன்.
எழுதுகிறான் எழுதுகிறான் என்று வெகுநேரம் காட்டியது போன்.
வந்தது ஒரு வரி:
மூடிக்கு என்ன ஆச்சு?
கொஞ்சம் கழித்து இன்னொன்று:
சமையல் ஆச்சா?

கத்தரிக்காய் தானாகவே பிளந்துகொண்டிருந்தது.
இன்னும் ஆகலை
என்று எழுதிவிட்டு
ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்தேன்.